சீட்டில் தொண்ணூற்றிரண்டு

அத்தியாயம் 11

போன வாரம் டூகி ஸ்பிங்க் அழுத சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். மனைவி ரோனாவின் கோட்டுப் பையில் சாவியைத் தேடப் போனவர் கையில் ஒரு துண்டுத் தாள் அகப்பட்டது. ரோனாவின் கையெழுத்து. ‘அக்டோபரிலிருந்து. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. படுத்தால் நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிறது.’

இருபத்தெட்டு வருஷம் வட கடலில் வலை இழுத்த மனுஷன் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ரோனா வந்தாள். தாளைப் பிடுங்கினாள். “அட லூசு மனுஷா, இது என்னோட பாடம். காலேஜுல நோயாளியா நடிக்கிறேன்ல? அதுக்கு எழுதி வெச்சது.”

எல்லோரும் சிரித்தார்கள். மகள் எய்லிதான் அதிகம் சிரித்தாள். மூன்றாம் வருஷம் நர்சிங் படிப்பவள் அவள். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் முதலில் கண்டுபிடிக்கப்போவது நான்தானே என்று நினைத்தவள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. கடற்கரை ஊரான ஆர்புரோத்தில் மழை மேலிருந்து பெய்வதில்லை, கடலிலிருந்து குறுக்கே வரும். சமையலறை ஜன்னலை அது அறைந்துகொண்டிருந்தது.

டூகி மகள் முன்னால் கஞ்சியை வைத்தார். “சாப்பிடு, கோழிக்குஞ்சே. வெறும் வயித்தோட போயி நீயே அங்க நோயாளி ஆயிடாத.”

“அப்பா, எனக்கு இருபத்திமூணு வயசு. கோழிக்குஞ்சுன்னு கூப்பிடாதீங்க.”

“சரி. கோழி.”

எய்லி சிரிக்கவில்லை. ராத்திரி மூன்று மணிநேரம்கூடத் தூங்கவில்லை. இன்று மறுதேர்வு. மே மாதம் ஒரு தடவை தோற்றாயிற்று. இன்னொரு தடவை தோற்றால் கல்லூரி வாசல் அடைபட்டுவிடும். மூன்று வருஷம், மூன்று வருஷத்து ஆஸ்பத்திரி ஷிஃப்ட், ஸ்பிங்க் குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஒருத்தி கல்லூரிப் படி ஏறினாள் என்று அப்பா மதுக்கடையில் அடித்த பெருமை, எல்லாம் சேர்ந்து போகும்.

“தோத்தா என்ன செய்வ?” என்று கேட்டார் டூகி. இப்படிக் கேட்கக்கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை.

“அம்மா பக்கத்துல எனக்கும் ஒரு கத்தி போடச் சொல்லுங்க. மீன் வயித்தக் கிழிக்கிறேன்.”

“என் பக்கத்துல இடமில்ல,” என்றாள் ரோனா, கோட்டு மாட்டிக்கொண்டே. “இருக்கிற கத்தியும் மொட்டை. கெளம்புடி.”

ரோனாவுக்கு ஐம்பத்தாறு வயது. வாரத்தில் நான்கு நாள் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து மீன் கொட்டகையில் வேலை. ஹேடக் மீனின் குடலை எடுத்து, வாலோடு வாலாக ஜோடி ஜோடியாகக் கட்டிப் புகைக்கு அனுப்ப வேண்டும். ஜனவரியிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் எய்லியின் கல்லூரியில் நடிப்பு நோயாளி. கையில் ஒரு கதை கொடுப்பார்கள். படுக்கையில் படுத்துக்கொண்டு, வயிற்று வலி என்றோ மூச்சுத் திணறல் என்றோ சொல்ல வேண்டும். மாணவர்கள் வந்து விசாரித்து, தொட்டுப் பார்த்து, எண்ணிப் பார்த்துப் பழகுவார்கள்.

ரோனா இதில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். வீட்டில் ஒருநாளும் ‘வலிக்குது’ என்று சொல்லாதவள், அந்தப் படுக்கையில் பதினெட்டு வகை வலி சொல்வாள்.

ஒரே ஒரு விதி. சொந்தக்காரர் எழுதும் தேர்வில் நடிக்கக்கூடாது. அதனால் காரணம் சொல்லாமல் ரோனாவே கேட்டு வாங்கியது கீழ்த்தளம், முதல் வருஷப் பிள்ளைகள். எய்லியின் தேர்வு மேல்தளத்தில்.

ரயில் நிலையத்தில் எதிர்ப்பக்கம் போக நடைமேம்பாலம் ஏற வேண்டும். எய்லி வாய்க்குள் பாடத்தை உருப்போட்டபடி விறுவிறுவென்று ஏறினாள். பாதியில் திரும்பிப் பார்த்தால் அம்மா கீழேயே நின்று, தலைத்துணியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்து நாலு படி ஏறினாள். மறுபடி நின்று கடலைப் பார்த்தாள்.

“ரயில் வந்துடும்மா! கடல இன்னிக்குத்தான் பாக்குறியா?”

“வரட்டும். அதுக்கு ஸ்டேஷன்ல நிக்கத்தானே சம்பளம்.”

எய்லிக்கு எரிச்சல். வருஷத்துக்கு ஒரு நாள் எனக்காக வேகமாக நடக்கக்கூடாதா?

ரயிலில் ரோனா மகளின் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். “மே மாசம் பண்ணதப் பண்ணாத. அவங்க என்ன சீட்டு கொடுக்கிறாங்களோ அத எழுது. உன் மூளைய வீட்ல வெச்சுட்டு வா.”

மே மாதம் நடந்தது இதுதான். தேர்வில் மாணவி நடிப்பு நோயாளியின் கையைப் பிடித்து நிஜமாகவே நாடி எண்ண வேண்டும், நிஜமாகவே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் தேர்வாளர் ஒரு சீட்டை நீட்டுவார். அதில் கதைக்குத் தகுந்த எண்கள் இருக்கும். எழுத வேண்டியது அதைத்தான். நடிக்க வந்தவரின் சொந்த உடம்பு யாருக்கு வேண்டும்? எண்ணும் விதத்துக்கு மதிப்பெண் உண்டு. எண்ணிக் கிடைத்ததற்குக் கிடையாது.

எய்லி மே மாதம் தான் பார்த்த எண்ணை எழுதிவிட்டாள். சீட்டில் ரத்த அழுத்தம் தாழ்வு என்றிருந்தது. அவள் அளந்தது நார்மல். நார்மல் என்று எழுதி, பயப்பட ஒன்றுமில்லை என்று அறிக்கையும் கொடுத்தாள். கதையில் இருந்த நோயாளி அந்த நேரம் உள்ளே ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தாராம்.

விடைத்தாளில் தேர்வாளர் மோய்ரா கெட்டஸ் சிவப்பில் எழுதியிருந்தார்: ‘சீட்டில் இருப்பதை எழுதவும்.’ அடிக்கோடு இரண்டு.

பத்தரை மணிக்கு மேல்தளத்து வராந்தாவில் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். எட்டுப் பேரும் மே மாதத்துத் தோல்விகள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சுவரில் வழக்கமான அறிவிப்பு ஒட்டியிருந்தது: நடிப்பின்போது யாருக்காவது உண்மையிலேயே உடம்பு முடியாமல் போனால், ‘இது நிஜம்’ என்று உரக்கச் சொல்லவும். சொன்ன கணமே எல்லாம் நிறுத்தப்படும்.

மூன்று வருஷத்தில் ஒருவர் வாயிலிருந்தும் அந்த வார்த்தையை எய்லி கேட்டதில்லை.

மணி அடித்தது. நான்காம் அறைத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

படுக்கையில் அம்மா.

நீலக் கோடு போட்ட ஆஸ்பத்திரிச் சட்டை, கலைத்துவிட்ட தலைமுடி, வயிற்றைப் பிடித்த கை. மீன் கத்தி கிழித்த பழைய தழும்பு அந்தக் கையில் பளிச்சென்று தெரிந்தது. மூலையில் நாற்காலியில் மோய்ரா, மடியில் தாள்கள்.

“திருமதி ஜீன் பெட்ரியா நடிக்க வேண்டிய லிண்டாவோட ரயில் ரத்தாயிடுச்சு,” என்றார் மோய்ரா, தலை நிமிராமல். “கீழயிருந்து இவங்கள கூட்டிட்டு வந்தோம். கதை அதேதான். பதினஞ்சு நிமிஷம். தொடங்கு.”

பதிவேட்டில் அம்மாவின் பெயர் ரோனா கார்கில். இந்தக் கரையில் மீன்பிடிக் குடும்பத்துப் பெண்ணுக்கு எத்தனை கல்யாணம் ஆனாலும் பிறந்த வீட்டுப் பெயர் போகாது. கல்லறைக் கல்லில்கூட அதுதான் இருக்கும். எய்லி ஸ்பிங்க்கும் ரோனா கார்கிலும் தாயும் மகளும் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

சொல்லியிருக்கலாம். ‘இவங்க என் அம்மா’ என்று மூன்று சொல். சொன்னால் இன்றைய தேர்வு ரத்து. அடுத்த தேர்வு அடுத்த வருஷம் ஜூனில், அதுவும் தேர்வுக் குழு அனுமதித்தால்.

படுக்கையிலிருந்து அம்மா பார்த்தாள். அந்தப் பார்வை எய்லிக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் வாடகை கேட்டு வீட்டுக்காரர் கதவைத் தட்டும்போதெல்லாம் பார்த்த பார்வை. வாயை மூடு, வேலையைப் பார்.

“வணக்கம். நான் எய்லி, மாணவ நர்ஸ். உங்க முழுப் பேரும் பிறந்த தேதியும் சொல்றீங்களா?”

“ஜீன் பெட்ரி. 1964, மார்ச் ஒம்போது.” குரல்கூட வேறு. நகரத்துக்காரியின் மெல்லிய, கொஞ்சம் மூக்கால் பேசும் குரல். “பித்தப்பை ஆபரேஷன் ஆகி மூணு நாள் ஆச்சு, கண்ணு. இன்னிக்கி வயிறு ரொம்பப் படுத்துது.”

“எங்க வலிக்குது?”

அம்மா காட்டினாள். எப்படி வலிக்கிறது, எங்கே பரவுகிறது, பத்துக்கு எத்தனை, எல்லாம் சொன்னாள். எய்லி கேட்டாள். கேட்கக் கேட்க ஒரு கோபம் ஏறியது. இருபத்திமூன்று வருஷத்தில் இவள் என்னிடம் ஒரு தலைவலியைக்கூட இப்படி விவரமாகச் சொன்னதில்லையே!

காய்ச்சல் பார்த்தாள். மூச்சு எண்ணினாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்தாள்.

இரண்டு துடிப்பு விரட்டிக்கொண்டு வந்தது. ஒன்று வரவேயில்லை. அப்புறம் மூன்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறி. நின்றது. ஒன்று பலமாக. ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதுபோல.

எய்லி விரலைச் சரிசெய்து மறுபடி பிடித்தாள். கடிகாரத்தில் முள் ஓடியது. எந்த ஒழுங்கும் இல்லை. படகின் அடித்தட்டில் கொட்டிய மீன் துள்ளுகிற மாதிரி.

முகத்தை நடிக்கலாம். மூச்சை நடிக்கலாம். வலியை எப்படி வேண்டுமானாலும் நடிக்கலாம். நாடியை நடிக்க உலகத்தில் ஒருவராலும் முடியாது.

ஒரு நிமிஷத்தில் நூற்றுப் பதினெட்டு.

அவள் நிமிர்ந்தாள். அம்மாவின் முகத்தில் ஜீன் பெட்ரி இல்லை. ஒரு கணம், ஒரே கணம், அம்மா எதற்கோ காத்திருந்த மாதிரி இருந்தது.

மோய்ராவின் கை நீண்டது. வெள்ளைச் சீட்டு. ‘நாடி 92. சீரானது.’

எய்லியின் தொண்டையில் இரண்டு சொல் வந்து நின்றன. சுவரில் ஒட்டியிருந்த அதே இரண்டு சொல். சொன்னால் எல்லாம் நிற்கும். அறையும் நிற்கும், தேர்வும் நிற்கும், இவள் யார் என்ற கேள்வியும் வரும். படபடப்பாக இருக்கும். அம்மாவுக்கும் பதற்றம்தானே? என்னைப் பார்த்ததும் வந்த பதற்றம். அப்படித்தான் இருக்கும்.

மோய்ராவின் பேனா காற்றில் காத்துக்கொண்டிருந்தது.

எய்லி எழுதினாள். நாடி 92. சீரானது.

பேனா இறங்கி ஒரு சரி போட்டது.

மீதி எட்டு நிமிஷம் எப்படிப் போனது என்று அவளுக்கு ஞாபகமில்லை. தொற்று ஆரம்பமாகியிருக்கலாம், டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று அறிக்கை கொடுத்தாள். சரியான விடை அதுதான். மோய்ரா வாசல் வரை வந்தார்.

“முடிவு நாளைக்குத்தான் போடுவோம். ஆனா முகத்த அப்படி வெச்சுக்காத. மே மாசத்துப் பொண்ணா இதுன்னு நினைச்சேன். இந்தத் தடவ சீட்ட எழுதினியே, அது போதும்.”

வராந்தாவில் போன் அடித்தது. அப்பா.

“என்ன ஆச்சு?”

“முடிஞ்சுது.”

“பாஸா?”

“பாஸ்னுதான் நினைக்கிறேன்.”

அந்தப் பக்கம் ஒரு கூச்சல். நாற்காலி விழுந்த சத்தம். “சாயங்காலம் மீனும் சிப்ஸும்! இல்ல, மீன் வேணாம், உங்கம்மாவுக்கு மீனப் பார்த்தாலே குமட்டும். பேக்கரில கறி வெச்சுச் சுட்ட பை வாங்கறேன். எத்தன பை? கோழி, இருக்கியா?”

“நாலு வாங்குங்கப்பா.”

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. களைப்புதான் வந்தது. கால் மூட்டிலிருந்து மேலே ஏறுகிற, ஷிஃப்ட் முடிந்த களைப்பு.

அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர். ஒவ்வொருவரும் நான்காம் அறைத் திரைக்குள் போனார்கள், பதினைந்து நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். உள்ளேயிருந்து ஒருவரும் உரக்க எதையும் சொல்லவில்லை. காலம் என்கிற பையன் வந்து பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். மாரத்தான் ஓடுகிறவன், நாடி எண்ணுவதில் வகுப்பிலேயே அவனுக்குத்தான் விரல் கூர்மை.

“காலம், நாலாம் ரூம்ல நாடி எத்தன எழுதின?”

“தொண்ணூத்திரெண்டு. வேற என்ன?”

“எண்ணும்போது?”

அவன் தன் காலணியைப் பார்த்தான். “எண்ணும்போது எதுவோ ஒண்ணு. சீட்டுல தொண்ணூத்திரெண்டு, எய்லி. விடு.”

தேர்வு முடிந்தவர்களுக்குக் கதைத் தாளைப் படிக்கக் கொடுப்பார்கள். எய்லி வாங்கினாள். ஜீன் பெட்ரி, மூன்று பக்கம். பித்தப்பை, காய்ச்சல், புருஷன் தபால்காரர், ஒரு பூனை. இருதயம் என்ற சொல்லே இல்லை. படி இல்லை. மீன் இல்லை. ஜனவரியிலிருந்து அம்மா நடித்த மற்றக் கதைகளையும் அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்டினாள். பதினொரு கதை. ஒன்றிலும் இல்லை.

இருக்காதுதான். எந்தக் கல்லூரிக்காரர் எழுதுவார், நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிறது என்று? ‘படபடப்பு’ என்று எழுதுவார்கள். மீனை அறுத்துப் பிழைக்கிறவள்தான் அப்படி எழுதுவாள்.

போன வாரம் சமையலறையில் தான் சிரித்த சிரிப்பு அவள் காதில் மறுபடி கேட்டது.

மூன்றரை மணி ரயிலுக்கு நடைமேடையில் காத்திருந்தார்கள். கல்லூரியில் ஒருவரையொருவர் தெரியாதவர்போல் வெளியே வந்து, இங்கே வந்துதான் பேசினார்கள். ரோனா பெஞ்சில் உட்கார்ந்து, இறைச்சிப் பஃப் ஒன்றைப் பாதி தின்று, பாதியைக் காகிதத்தில் மடித்து வைத்தாள்.

“நடிப்பு எப்படி?” என்றாள். “அந்த மூக்குப் பேச்சு உங்க சித்தி ஆனியோடது. கண்டுபிடிச்சியா?”

“கையக் கொடும்மா.”

“என்னத்துக்கு?”

“கொடு.”

ரோனா கொடுத்தாள். எய்லி பிடித்தாள். துள்ளல். நிறுத்தம். துள்ளல்.

“எத்தன நாளா?”

“அக்டோபர்னு எழுதியிருந்தேனே. படிச்சுட்டுத்தானே சிரிச்ச.”

அதில் குத்தல்கூட இல்லை. மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். எய்லிக்கு அதுதான் தாங்கவில்லை.

“டாக்டர்கிட்ட ஏன் போகல?”

“காலைல எட்டு மணிக்கு போன் பண்ணணும். எட்டே காலுக்கு அன்னிக்கி இடமெல்லாம் முடிஞ்சுடும். எட்டு மணிக்கு என் கை ரெண்டும் மீன் வயித்துக்குள்ள இருக்கு. மூக்கால டயல் பண்ணவா?”

“லீவு போட்டிருக்கலாம். அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம். என்கிட்ட சொல்லியிருக்கலாம்!”

“உன்கிட்டயா? மே மாசத்துல இருந்து நீ இருந்த இருப்புக்கா? நெஞ்சு வலின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா புஸ்தகத்தத் தூக்கி எறிஞ்சுட்டு என் தலைமாட்டுல உக்காந்திருப்ப. அப்புறம் காலத்துக்கும், அம்மாவாலதான் போச்சும்ப.”

அது உண்மை.

ரோனா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “எங்கயாச்சும் போயி ‘எனக்கு இப்படி இருக்கு’ன்னு சொல்ல எனக்கு வராதுடி. வாயில வரல. அப்பத்தான் கொட்டகையில ஒருத்தி சொன்னா, காலேஜுல நோயாளியா படுக்க ஆள் எடுக்கிறாங்கன்னு. நினைச்சேன், நல்லதாப் போச்சு. வாராவாரம் அத்தன நர்சுப் பிள்ளைங்க கையப் பிடிக்கும். நான் ஒண்ணும் சொல்ல வேணாம். எதாவது ஒண்ணு கண்டுபிடிச்சுச் சொல்லிடும்.”

காற்று நடைமேடையை நீளமாகத் துடைத்துக்கொண்டு போனது.

“கண்டுபிடிச்சாங்களா?” என்றாள் எய்லி. விடை தெரிந்தே கேட்டாள்.

“பாதிப் பேர் கண்டுபிடிச்சாங்க. எனக்குத் தெரியும். விரல் ஒரு நொடி நிக்கும். புருவம் இப்படிப் போகும். அப்புறம் சீட்டு வரும். சீட்டப் பார்த்ததும் முகத்துல அப்படி ஒரு நிம்மதி வரும் பாரு.” ரோனா சிரித்தாள். “இன்னிக்கோட நாப்பத்திரெண்டு பேர்.”

“என்னையும் சேர்த்து.”

“உன்னையும் சேர்த்து.”

“நான் சொல்லியிருந்தா தேர்வு போயிருக்கும். நீதான வாய மூடுன்னு பார்த்த!”

“ஆமா. மூடுன்னுதான் பார்த்தேன்.” ரோனா மடித்த காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தாள். “நீ கையப் பிடிச்சதும், மூடாட்டி என்னன்னும் தோணுச்சு. மனுஷி புத்திதானே.”

ரயில் வந்தது. கதவுகள் திறந்தன. ரோனா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

எய்லிக்குப் பாடம் வரிசையாக ஞாபகம் வந்தது. நாடி இப்படித் தாறுமாறாக ஓடினால் இருதயத்துக்குள் ரத்தம் தேங்கும். தேங்கினால் கட்டும். கட்டி நகர்ந்தால் மூளை. ஒரு கை விழலாம், ஒரு பக்கம் விழலாம், பேச்சு போகலாம். இரண்டாம் வருஷத்தில் இதை எழுதி எண்பத்தொரு மதிப்பெண் வாங்கியவள் அவள்.

“ஏறுடி. அப்பா கறிப் பை வாங்கி வெச்சிருப்பார்.”

“ஏற மாட்டேன். நீயும் ஏறாத.”

“பைத்தியமா? மத்த விஷயம் நாளைக்குப் பார்க்கலாம். நாளைக்கு முடிவு வரட்டும். நாளன்னைக்கி நானே எட்டு மணிக்கு போன் பண்றேன். சத்தியமா.”

நாளை. எவ்வளவு நல்ல வார்த்தை! நாளை முடிவு ஒட்டிவிடுவார்கள். பாஸ் என்றான பிறகு அம்மாவை எந்த டாக்டரிடமும் கூட்டிப்போகலாம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு ராத்திரிதானே? அக்டோபரிலிருந்து தாங்கிய நெஞ்சு இன்னும் ஒரு ராத்திரி தாங்காதா?

தாங்கலாம். தாங்காமலும் போகலாம். எந்த ராத்திரி என்று சீட்டு கொடுக்க ஆள் கிடையாது.

கதவுகள் மூடின. ரயில் அவர்கள் இல்லாமல் போனது.

“லூசு அப்பனுக்கு லூசு மக,” என்றாள் ரோனா. ஆனால் மகள் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள். கல்லூரிக்கு ஐந்து நிமிஷ நடை. அவர்களுக்குப் பதினேழு நிமிஷம் ஆனது. இந்தத் தடவை ரோனா தலைத்துணியைக் கட்டுவதாகப் பாசாங்கு செய்யவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். எய்லியும் நின்றாள்.

மேல்தளத்தில் மோய்ரா கெட்டஸ் மட்டும் இருந்தார். காலணியைக் கழற்றிவிட்டு, எட்டு விடைத்தாள்களை முன்னால் பரப்பி, ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அறுபதை நெருங்குகிற வயது, அவருக்கும் கால் வலி.

“மறந்துட்டுப் போனியா எதையாவது?”

“என் தாள் வேணும்.”

“எய்லி, தாளத் திருப்பித் தரக்கூடாது. உனக்குத் தெரியும்.”

“இது நிஜம்.”

அந்த இரண்டு சொல் அறையில் விழுந்தன. மோய்ரா கோப்பையைக் கீழே வைத்தார். இருபது வருஷம் சொல்லிக்கொடுத்த வார்த்தை. காதில் விழுந்ததும் அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

“என்ன நிஜம்?”

“நாலாம் ரூம் நாடி. தொண்ணூத்திரெண்டு இல்ல. நூத்திப்பதினெட்டு. சீரா இல்ல, எந்த ஒழுங்கும் இல்ல. நான் எண்ணினேன், தெரிஞ்சுது, சீட்டப் பார்த்து எழுதிட்டேன். மத்தவங்களும் எண்ணினாங்க. நீங்க சீட்ட நீட்டினீங்க.” மூச்சு வாங்கியது. “மே மாசம் பார்த்தத எழுதினேன், ஃபெயில் போட்டீங்க. கத்துக்கிட்டேன். நல்லாவே கத்துக்கிட்டேன்.”

மோய்ரா திரும்பினார். வாசலில் கதவுநிலையைப் பிடித்து நின்ற ரோனாவைப் பார்த்தார்.

“இன்னொண்ணு,” என்றாள் எய்லி. “இவங்க என் அம்மா. உள்ள போனதும் சொல்லியிருக்கணும். சொல்லல.”

“எய்லி!” என்றாள் ரோனா. “அதச் சொல்லாட்டி என்னடி?”

மோய்ரா எட்டுத் தாள்களில் ஒன்றை எடுத்தார். மேலே ‘தேர்ச்சி’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“இதச் சொன்னா நான் என்ன செய்யணும்னு தெரியுமா உனக்கு? குழுவுக்கு எழுதணும். எனக்கு வேற வழி இல்ல.”

“தெரியும்.”

“நாளைக்கு வந்து சொல்லியிருக்கலாம். முடிவு வந்தப்புறம்.”

“அதான் எங்கம்மாவும் சொன்னாங்க.”

மோய்ரா அந்தத் தாளைத் தனியே, கவிழ்த்து வைத்தார். காலணியை மாட்டவில்லை. வெறுங்காலோடு நடந்து வந்து, ரோனாவைத் தன் நாற்காலியிலேயே உட்காரவைத்து, எதிரில் தரையில் மண்டியிட்டு, மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு முழு நிமிஷம்.

கீழே யாரோ தரை துடைக்கும் இயந்திரத்தை ஓட்டினார்கள். எய்லியின் பையில் போன் அதிர்ந்தது. அப்பா. கறிப் பை ஆறுகிறது என்று சொல்வார்.

நிமிஷம் முடிந்தது. மோய்ரா கையை விடவில்லை. மறுகையால் மேஜைமேல் இருந்த போனை இழுத்து, எதிர்ச்சாரியில் இருக்கும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் கேட்டாக வேண்டியதை, மூன்று வருஷமாக எய்லிக்குச் சொல்லித் தந்த அதே வரிசையில், கேட்க ஆரம்பித்தார்.

“உங்க முழுப் பேரும் பிறந்த தேதியும் சொல்றீங்களா?”

“ஜீன்...” என்று தொடங்கினாள் ரோனா. பழக்க தோஷம். நிறுத்தினாள். மகளைப் பார்த்தாள். கவிழ்ந்து கிடந்த தாளைப் பார்த்தாள்.

“ரோனா கார்கில்,” என்றாள், தன் சொந்தக் குரலில். “அக்டோபர்லருந்து எனக்கு உடம்பு சரியில்ல.”